எந்தப் பாரில் குளிப்பது?
மன்னார்க் கடல் முத்துச் சலாபங்களின் வரலாறு

கெடா மாநிலக் கடற்கரைக்கு அப்பால், லங்காவிக்கும் பினாங்குக்கும் இடையே, பாயார் என்னும் சிறு தீவு உள்ளது. அதனையும் அதன் துணைத் தீவுகளையும் சூழ்ந்த பவளப்பாறைகள் இன்று கடற்பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. முதுகில் காற்றுக் கலன் பூட்டிக்கொண்டு நீருள் மூழ்கிப் பவளத்தையும் மீனையும் கண்டு மகிழ்வோர் அங்கே பலர் வருகின்றனர். எந்தத் தீவுக்குச் செல்வது, எந்தத் திங்களில் செல்வது, எவ்வளவு ஆழம் இறங்குவது என்பனவற்றை முன்கூட்டியே ஆராய்ந்து அவர்கள் புறப்படுகின்றனர். இதனை மேனாட்டார் கொணர்ந்த புதுமைப் பொழுதுபோக்கு என நம் மாணவர் எண்ணுவது இயல்பே. ஆயினும், 'எங்கே மூழ்குவது?' என்னும் இதே வினாவைச் சுற்றி ஒரு பெருந்தொழிலும், ஒரு வணிகமும், பல அரசுகளின் கருவூலமும் ஈராயிரம் ஆண்டுகள் இயங்கிய கடற்பகுதி ஒன்று தமிழர்க்கு உண்டு. அதுவே தமிழகத்திற்கும் இலங்கைத் தீவுக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடா.

நம் தோட்டப்புற மக்களின் முன்னோர் பெரும்பாலும் உள்நாட்டுச் சிற்றூர்களில் உழுது வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் கடல் என்பது நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கிய வழி மட்டுமே. அதனாலேயே தமிழரின் கடல் வரலாற்றைக் கற்பிக்கும்போது, சோழர் கடற்படை கடாரத்தின்மீது வந்த 1025ஆம் ஆண்டோடு நாம் நின்றுவிடுகிறோம். கடலின் மேற்பரப்பில் சென்றவர்களைப் பேசும் நாம், கடலின் அடியை அறிந்தவர்களைப் பேசுவதில்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

கடாரமும் தென்கடல் முத்தும்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் தென்கடல் முத்து உண்டு. ஈழத்து உணவும் உண்டு. காழகத்து ஆக்கமும் உண்டு. காழகம் என்பதற்குக் கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். அவ்வுரையைக் கொண்டு நோக்கினால், நாம் வாழும் கெடாவின் பொருளும் மன்னார்க் கடலின் முத்தும் ஒரே அங்காடியில் அருகருகே கிடந்தன என்பது புலனாகும். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களை நம் மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர்கள் இத்தொடர்பையும் எடுத்துரைக்கலாம்.

பாண்டியரின் கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் புகழ்கின்றன. மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தோடு அங்கு வாழ்ந்தோரின் இருப்பிடங்களையும் குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்புளூஸ் என்னும் கடற்பயண நூலோ, கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் எனக் கூறுகிறது. முத்தின் ஒளியைப் பாடிய புலவர் காணாத ஒன்றை அயல்நாட்டு மாலுமி கண்டு எழுதினான். தொழிலின் கடுமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு அளித்த அணிகலன்களின் கல்வெட்டுகளில், முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை எனப் பலவாறு வகைப்படுத்தப்பட்டுள்ளன. 1015ஆம் ஆண்டில் சீனப் பேரரசரின் அவையை அடைந்த சோழத் தூதுக்குழுவும் முத்துகளையே முதன்மைக் காணிக்கையாக எடுத்துச் சென்றது. தரம் பிரிக்க இத்தனை சொற்களை வைத்திருந்த சமூகம், அம்முத்து விளையும் தரையையும் அவ்வாறே நுணுகி அறிந்திருந்தது.

'பார்' என்னும் சொல்

பார் என்றால் உலகம் என்பது மாணவர் அறிந்த பொருள். மன்னார்க் கடலோரத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. கடலடியில் மணலுக்கு இடையே பரந்து கிடக்கும் பாறைத் தரையே பார். முத்துச்சிப்பி வாழத் தரை உறுதியாக இருத்தல் வேண்டும். தன் உடலிலிருந்து தோன்றும் நார்களால் அது பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. வெறும் மணலில் அதற்குப் பிடிப்பில்லை; அலையால் புரளும் மணல் அதனை மூடிக் கொன்றுவிடும். ஆதலால் முத்தைத் தேடுவது என்பது முதலில் பாரைத் தேடுவதாகும்.

இலங்கைப் பக்கத்துப் பார்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் கிடக்கின்றன. கரையோ தாழ்வானது, தொலைவிலிருந்து நோக்கின் கண்ணுக்குத் தென்படாது. அத்தகைய கடலில், மேலே எவ்வித அடையாளமும் இல்லாத இடங்களுக்குக் கடலோடிகள் பெயர் சூட்டி, தலைமுறை தலைமுறையாக அவற்றைத் திரும்பக் கண்டுபிடித்து வந்தனர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், வங்காலைப் பார் என அப்பெயர்கள் தொடர்கின்றன. பின்னாளில் ஆங்கில அதிகாரிகள் வரைந்த கடல் வரைபடங்களில் இத்தமிழ்ப் பெயர்களே இடம்பெற்றன. கண்ணுக்குத் தெரியாத நிலத்திற்கு ஊர்ப்பெயர் போல் பெயரிட்டு வைத்த அறிவு, முறையான அறிவே என்பதில் ஐயமில்லை.

அரசும் சலாபமும்

முத்துக்குளிப்பைச் சலாபம் என வழங்குவர். சலாபம் எப்போது, எங்கே நிகழ்வது என்பதை முடிவு செய்யும் உரிமை எக்காலத்தும் அரசிடமே இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, ஏப்பிரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடைபெற்றதென்றும், பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு உரியதென்றும் எழுதினார். சுறாமீனை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவில் அதனை நீக்கிவிடுவர் என்கிறார் அவர். இரவில் எவரும் களவாக மூழ்காதிருக்கக் காவலாகவும் அது பயன்பட்டது.

இம்மந்திரவாதிகளைத் தமிழில் கடல்கட்டி என அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசும் அவர்களைப் பணியில் வைத்திருந்தது. கடல்கட்டி இல்லாமல் குளிப்போர் நீரில் இறங்க மறுத்ததே காரணம். 1859இல் இலங்கை பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட், அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை வியப்புடன் குறித்துள்ளார். நம்பிக்கையின் வேர் மதத்தைவிடத் தொழிலின் அச்சத்தில் ஆழப் பதிந்திருந்தது போலும்.

16ஆம் நூற்றாண்டில் பரதவர் பெருந்தொகையாகக் கிறித்துவம் தழுவியபின் போர்த்துக்கீசியர் இக்கடலில் மேலாண்மை பெற்றனர். 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மாறினாலும் குளித்தவர்கள் மாறவில்லை. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்கள், இராமேசுவரத்தார் ஆகியோரே பெரும்பான்மையினர். பிற்காலத்தில் அரபு நாட்டுக் குளிப்போரும் சேர்ந்தனர்.

இடம் தேர்ந்த முறை

ஆங்கிலேயர் காலத்தில் இடத்தேர்வு ஒரு முறையான நிருவாகமாக வளர்ந்தது. முத்துப்பார்க் கண்காணிப்பாளர் என்னும் அதிகாரி, கடல் அமைதியுறும் நவம்பர்த் திங்களில், கடலோடிகளையும் குளிப்போரையும் உடன் அழைத்துக்கொண்டு பார்களுக்குச் செல்வார். ஒவ்வொரு பாரிலும் குளிப்போரை இறக்கித் தரையின் தன்மை, சிப்பியின் அடர்த்தி, அதன் வயது ஆகியவற்றை அறிவார். முதிர்ந்த சிப்பி கிடைக்குமாயின், மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்னும் அம்மதிப்பு போதுமானதாக இருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்படும்.

வயதே இங்கு முதன்மையானது. நான்கு ஆண்டு நிரம்பாத சிப்பியில் முத்து அரிது. இருந்தாலும் அது சிறுமணி. ஆறேழு ஆண்டு கடந்த சிப்பி தானே மடிந்து, முத்து மணலோடு போய்விடும். முந்தினாலும் இழப்பு, பிந்தினாலும் இழப்பு. ஆகவே இடத்தைத் தேர்வது என்பது காலத்தைத் தேர்வதாகவும் இருந்தது. 'இந்தப் பார் இவ்வாண்டு வேண்டா' என்று சொல்லத் தெரிவதே கண்காணிப்பாளரின் தலையாய திறன்.

அறிவிப்பு வெளியானதும், ஆளில்லாத மணற்கரையில் ஒரு நகரம் எழும்பும். சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்கள் வெவ்வேறு காலத்தில் அவ்வாறு நகரமாயின. அரிப்பில், ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலை நோக்கி நிற்கிறது.

தேர்ந்த பாரின் எல்லையில் கொடி கட்டிய மிதவைகள் இடப்படும். படகுகள் நள்ளிரவில் தரைக்காற்றில் புறப்பட்டு, விடியலில் பாரை அடையும். ஒரு படகில் ஐந்து கற்கள், பத்துப் பேர். ஒரு கல்லுக்கு இருவர் மாறி மாறி இறங்குவர். கல்லில் காலை ஊன்றி, கயிற்றைப் பற்றி, வலைப்பையுடன் இறங்கிய மனிதர் ஒரு நிமிட நேரத்திற்குள் கைக்கு எட்டியதை வாரிப் பையில் இட்டு, கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுப்பார். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை இவ்வாறு நிகழும். நண்பகலில் கடற்காற்றில் படகுகள் திரும்பும். அரசின் அடைப்பாகிய கொட்டில் சிப்பிகள் மூன்று கூறாக்கப்படும். இரண்டு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளித்தவர்க்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

தாய்ப்பாரின் புதிர்

இத்துணை முறைப்பாடு இருந்தும் கடல் அடிக்கடி கைவிரித்தது. 1768 முதல் 1796 வரை சலாபம் இல்லை. 1837க்குப் பின் 1854 வரை இல்லை. 1891இல் நடந்த சலாபத்திற்குப் பின் 1903 வரை மீண்டும் இல்லை. அதன் காரணம் அறிய இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அவரும் அவர் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் 1902இல் பார்களை ஆராய்ந்தனர். அவர்தம் அறிக்கையை அரச கழகம் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது.

அவ்வறிக்கையின் சிறந்த பகுதி பெரிய பாரைப் பற்றியது. பார்கள் அனைத்தினும் பரந்தது அது. குளிப்போர் அதனைத் தாய்ப்பார் என்றனர். அங்குத் தோன்றும் எண்ணற்ற இளஞ்சிப்பிகளே கரைப்பக்கத்துப் பார்களுக்குச் சென்று சேர்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஹெர்ட்மன் பழைய பதிவுகளைப் புரட்டினார். 1880 முதல் குறைந்தது பதினொரு முறை அப்பாரில் இளஞ்சிப்பி நிறைந்திருந்தது; ஒருமுறையேனும் சலாபம் விளையவில்லை. 1902 மார்ச்சில் அவரே கண்ணாரக் கண்ட பெருந்திரளான இளஞ்சிப்பிகள், தென்மேற்குப் பருவக்காற்று வீசி ஓய்ந்தபின் மறைந்துவிட்டன. ஆழ்கடலின் விளிம்பில், காற்றுக்கு நேரே கிடக்கும் அப்பாரில் அலையும் மணலும் அவற்றை வாரிச் சென்றன.

இதிலிருந்து ஹெர்ட்மன் கண்ட முடிபு எளியது. மிகுதியாகக் காணப்படும் இடமே விளையும் இடம் என்று கொள்ளுதல் தவறு. பெரிய பாரின் இளஞ்சிப்பிகளை எடுத்துச் செவல் பார் போன்ற பாதுகாப்பான பார்களில் இடவேண்டும் என அவர் பரிந்துரைத்தார். சிப்பிகள் தாமே நடந்து செல்வதில்லை என்ற அளவில் குளிப்போரின் நம்பிக்கை பிழையே. எனினும் அப்பாரின் பிள்ளைகள் அங்கே தங்குவதில்லை என்ற உண்மையை அவர்கள் அப்பெயரிலேயே பொதிந்து வைத்திருந்தனர். இயற்கையறிஞர் வந்து காரணம் கூறினார்; நிகழ்ச்சியை முன்னரே கண்டவர்கள் கயிற்றில் இறங்கிய மனிதர்கள். ஐந்து தொகுதிகளின் முகப்பில் ஹெர்ட்மன் பெயர் உள்ளது. அவருக்குப் பாரைக் காட்டியோரில் எத்தனை பேரை வரலாறு பெயர் சுட்டி நினைக்கிறது?

குத்தகைக்குப் போன கடல்

1903இல் சலாபம் மீண்டது. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்தது, பதிவான சலாபங்களுள் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. அவ்வெற்றியைக் கண்ட அரசு, 1906இல் முத்துப்பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு இருபது ஆண்டுக் குத்தகையாக ஒரு நிறுமத்திடம் ஒப்படைத்தது. அவ்வாண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லியோனார்டு ஊல்ஃப், அழுகும் சிப்பியின் நாற்றமும் ஆயிரக்கணக்கான மக்களின் நெரிசலும் நிறைந்த அக்கரையைப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் வரைந்து காட்டினார்.

1907ஆம் ஆண்டோடு சிப்பி தீர்ந்தது. நிறுமம் 1912இல் கலைக்கப்பட்டது. சிப்பி மறைவதற்கு மனிதனின் பேராசை ஒன்றையே காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. குத்தகை என்பது இல்லாத காலத்திலும் கடல் இருபது, முப்பது ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்ததை மேலே கண்டோம். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. கண்காணிப்பாளர் 'இவ்வாண்டு வேண்டா' என்று சொல்லிக் காத்திருக்கலாம். ஆண்டுதோறும் குத்தகைப் பணம் செலுத்த வேண்டிய நிறுமத்தால் காத்திருக்க இயலாது. கடல் இருபது ஆண்டுக் கணக்கிற்கு உடன்படவில்லை. இரப்பர் மரத்தை அளவிற்கு மீறி வெட்டிப் பால் எடுத்தால் பட்டை பாழாகும் என்பதை அறிந்த நம் தோட்ட மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று.

1925இல் இலங்கைப் பக்கத்தில் ஒரு சலாபம் நடந்தது. அதன்பின் அங்குப் பழைய சிறப்புத் திரும்பவில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் தொடர்ந்த சலாபங்கள் 1961இல் முடிவுற்றன. 1973இல் தூத்துக்குடியில் இயங்கிய நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை இட்டு முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். 1986இல் தமிழகப் பக்கத்து இருபத்தொரு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. எடுப்பதற்காகத் தேர்ந்த கடல், காப்பதற்காகத் தேர்ந்த கடலாக மாறியது.

காற்றுக் கலன் வந்த பின்

1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞ்ஞானும் மூச்சுக் கருவியை உருவாக்கியபின், ஒரு நிமிட மூச்சு ஒரு மணி நேரமாக நீண்டது. ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் அக்கருவியோடு இலங்கைக் கடலில் மூழ்கத் தக்க இடங்களைத் தேடினர். திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையின் அடியில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழங்கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் அவர்கள் கண்டனர். கிளார்க் அதனை 1957இல் நூலாக எழுதினார். மூழ்குவதற்கு இடம் தேடியவர்களுக்குத் தமிழர் வரலாற்றின் ஒரு துண்டு அகப்பட்டது.

இன்று அத்தீவில் இக்கடுவை, புறாத்தீவு முதலிய இடங்கள் மூழ்குவோரால் நாடப்படுகின்றன. இக்கடுவை 1979இல் கடற்சரணாலயமாகவும், நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டன. தென்மேற்குக் கரைக்கு ஒரு பருவம். கீழ்க்கரைக்கு மற்றொரு பருவம். நம் நாட்டிலும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் கடல் கொந்தளிக்க, மேற்கிலுள்ள பாயார்த் தீவைத் தீபகற்பம் மறைத்து நிற்கிறது. காற்றையும் தரையையும் பார்த்து இடம் தேரும் முறை, பழைய கண்காணிப்பாளர் நவம்பரில் புறப்பட்ட அதே முறைதான். கருவி மாறியது, கணக்கு மாறவில்லை.

மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பிக்கும்போது இரண்டு செய்திகளை வலியுறுத்தல் வேண்டும். முதலாவது, பார், சலாபம், கடல்கட்டி போன்ற சொற்கள் வெறும் வழக்கொழிந்த சொற்களல்ல. எழுத்தறியாத தொழிலாளர் தம் மூச்சை ஈடு வைத்துச் சேர்த்த அறிவின் ஏடுகள் அவை. பால்மரத்தின் குணத்தையும் மண்ணின் குணத்தையும் அறிந்திருந்த நம் தோட்டத்து முன்னோரின் அறிவும் அத்தகையதே. அதுவும் எழுதப்படாமலே மறைந்து வருகிறது. அதனைக் கேட்டு எழுதி வைக்கும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. இரண்டாவது, இடத்தைத் தேர்வதில் விலக்கி வைப்பதும் அடங்கும். முதிராத பாரைத் தொடாமல் விட்ட ஆண்டுகளே அடுத்த சலாபத்தை அளித்தன. பாயார்த் தீவின் பவளத்தின்மேல் கால் ஊன்றாதீர் என்று இன்று எழுதி வைத்திருக்கும் அறிவிப்பை, நம் மாணவர் அந்நியர் விதித்த கட்டளையாகப் படிக்க வேண்டுவதில்லை. அவர்தம் மொழியிலேயே அதற்கு நெடிய வரலாறு உண்டு.